பேதி மருந்துக்கு முன்பா, பின்பா? குடல் நோய்க்கு மூச்சும் சிறுநீரும் மலமும் எடுக்க எது சரியான நேரம்

காலை ஏழு மணிக்கு எண்டோஸ்கோபி பிரிவுக்கு வெளியே போட்டிருக்கும் நாற்காலிகளைப் பார்த்தால், யார் நோயாளி, யார் துணைக்கு வந்தவர் என்று கேட்காமலே தெரியும். துணைக்கு வந்தவர் கையில் காபி இருக்கும். நோயாளி கழிவறைக் கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

அன்றைக்கு வந்த அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். முந்தின நாள் மாலை ஒரு லிட்டர் பேதி மருந்து, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இன்னொரு லிட்டர். நடுவில் சோறு கிடையாது. இளநீரும் வடிகட்டிய எலுமிச்சைச் சாறும்தான். பெருங்குடலுக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு அவரை உள்ளே அழைத்துப் போவதற்கு முன் ஒரு பை நிறைய அவருடைய மூச்சைச் சேகரிப்பது என் வேலை. "அம்மா, மூச்சை நல்லா உள்ள இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, மெதுவா ஊதுங்க" என்றேன். பாதி ஊதியவர் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏங்கண்ணு, வயித்துல இருந்ததெல்லாம் போயிருச்சு. இனி இதுல என்னத்தக் கண்டுபுடிப்பீங்க?"

"ஊதுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். வேறு பதில் என்னிடம் அப்போது இல்லை. அவர் கேட்டதுதான் இந்தத் துறையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. மூச்சு, சிறுநீர், மலம் ஆகியவற்றிலிருந்து எழும் ஆவிகளை வைத்துக் குடல் நோயைக் கண்டறிய முயலும் ஆய்வில் இருப்பவர்களுக்கும், ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை, கொலோனோஸ்கோபி என்று இரண்டையும் ஒரே மாதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு எதை முதலில் செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கும் இது உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

எதைத் தேடுகிறோம்

நாம் செரிக்காமல் விட்டதைத்தான் பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் தின்கின்றன. நார்ச்சத்து நொதித்தால் ஹைட்ரஜன், கரியமில வாயு, சிலருக்கு மீத்தேன், கூடவே அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்கள் வரும். புரதம் சிதைந்தால் இண்டோல், ஸ்கடோல், பாரா கிரெசால், அழுகிய முட்டை வாடை தரும் கந்தகச் சேர்மங்கள் வரும். இவற்றில் ஒரு பங்கு குடல் சுவரைக் கடந்து ரத்தத்தில் சேரும். வழியில் கல்லீரல் நிறையவற்றைப் பிடித்து மாற்றிவிடும். தப்பி வருவது நுரையீரல் வழியாக மூச்சிலும், சிறுநீரகம் வழியாகச் சிறுநீரிலும் வெளியே வரும். இவற்றோடு உடலின் சொந்தத் திசுக்களிலிருந்து வருவதும், அழற்சியிலிருந்து வருவதும் சேரும். எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என்று பாடப்புத்தகம் சொல்வதை ஆய்வகத்தில் எல்லோரும் விஓசி என்றே சொல்கிறோம்.

1971-இல் வேதியியலாளர் லினஸ் பாலிங்கும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு சாதாரண மனிதனின் மூச்சில் சுமார் 250 பொருட்கள் இருப்பதைக் காட்டினார்கள். நோய் வந்தால் இந்தக் கலவை மாறும், மாறினால் அதைப் பிடிக்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வளர்ந்தது. இத்தாலியின் பாரி நகரில் அல்தொமாரே குழு 2013-இல் பெருங்குடல் புற்றுநோய் உள்ள 37 பேரின் மூச்சையும் நோயில்லாத 41 பேரின் மூச்சையும் ஒப்பிட்டு, 15 சேர்மங்களின் கோலத்தை வைத்துப் பிரிக்க முயன்றது. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் அரசரத்தினம் குழு 2014-இல் 133 பேரின் சிறுநீரிலிருந்து எழும் ஆவியைப் பார்த்தது. நோய் இருப்பவர்களில் 88 சதவீதம் பேரை அது பிடித்தது. ஆனால் நோய் இல்லாதவர்களை இல்லை என்று சரியாகச் சொன்னது 60 சதவீதம்தான்.

பெருங்குடல் புற்றுநோய்க்கு விஓசி பரிசோதனை இன்னும் அன்றாட மருத்துவத்துக்கு வரவில்லை. மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைத் தேடும் எஃப்ஐடி பரிசோதனைதான் பல நாடுகளில் முதல் சல்லடையாக இருக்கிறது. எங்கள் துறை ஏன் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்றால், ஒரு குழுவின் சேர்மப் பட்டியலும் இன்னொரு குழுவின் பட்டியலும் பெரிதாக ஒத்துப்போவதில்லை. கருவிகள் வேறு, உணவு வேறு, ஊர் வேறு என்று காரணங்கள் பல உண்டு. மாதிரி எடுத்த நேரம் அவற்றில் பெரிய ஒன்று என்பது என் எண்ணம். அதைப் பற்றித்தான் ஆய்வுகளில் மிகக் குறைவாக எழுதுகிறார்கள்.

பேதி மருந்து குடலுக்குள் செய்வது என்ன

நம் ஊரில் பெரும்பாலும் கொடுப்பது பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி. பாக்கெட்டைப் பிரித்து இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். இந்த மூலக்கூறு பெரியது, குடலில் உறிஞ்சப்படாது, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு குடல் முழுக்க ஓடி, எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வெளியேறும். நுண்ணுயிர்கள் இதை நொதிக்கவைக்காது. அந்த வகையில் இது நல்ல மருந்துதான்.

ஆனால் அது அடித்துக்கொண்டு போவதில் நாம் தேடும் பொருளும் போகிறது, அந்தப் பொருளை உண்டாக்கும் உயிர்களும் போகின்றன. 2015-இல் ஜலங்கா என்ற ஆய்வாளரும் குழுவினரும் ஆரோக்கியமான 23 பேருக்கு இந்த மருந்தைக் கொடுத்து, மலத்தில் இருந்த நுண்ணுயிர்களை எண்ணிப் பார்த்தார்கள். குடல் சுத்தம் முடிந்த உடனே மொத்த எண்ணிக்கை 31 மடங்கு குறைந்திருந்தது. ஒவ்வொருவர் குடலுக்கும் கைரேகை மாதிரி ஒரு தனிக் கலவை உண்டு. 23 பேரில் ஐந்தில் ஒரு பங்கினருக்கு அந்த அடையாளமே கலைந்துபோனது. நல்ல செய்தி என்னவென்றால், 14 நாட்களில் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது, 28 நாட்களில் இன்னும் நெருங்கிவிட்டது. இன்னொரு விஷயமும் அதில் தெரிந்தது. மொத்த மருந்தையும் ஒரே தடவையில் குடித்தவர்களுக்குக் கலைவு அதிகம், இரண்டாகப் பிரித்துக் குடித்தவர்களுக்குக் குறைவு.

மருந்தோடு பட்டினியும் வருகிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் திட உணவு இல்லையென்றால் கல்லீரல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும், மூச்சில் அசிட்டோன் ஏறும். மூச்சில் மிக அதிகமாக இருக்கும் சேர்மங்களில் அசிட்டோன் ஒன்று என்பதால் இந்த ஏற்றம் ஆவிகளை அளக்கும் கருவியில் பளிச்சென்று தெரியும். நோயால் ஏறியதா, பட்டினியால் ஏறியதா என்று கருவிக்குத் தெரியாது. அப்புறம் வாசனை. பொடியின் உப்புச் சுவையை மறைக்க எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை சேர்க்கிறார்கள். அந்தப் பழங்களின் தோல் வாசனைக்குக் காரணம் லிமோனீன் என்ற சேர்மம். எலுமிச்சைச் சாற்றில் மருந்து குடித்துவிட்டு வந்தவர் மூச்சில் லிமோனீன் இருந்தால், அது அவருடைய கல்லீரலைப் பற்றியோ குடலைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை.

எல்லாப் பேதி மருந்தும் ஒரே மாதிரி வேலை செய்வதும் இல்லை. சோடியம் பிக்கோசல்பேட் குடலுக்குள் போய், அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அதை உடைத்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். மேனிட்டால் கதை இதைவிடப் பயங்கரமானது. அது ஒரு சர்க்கரை ஆல்கஹால். குடலைக் கழுவும் அதே நேரத்தில், மிச்சமிருக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகி, ஹைட்ரஜனையும் மீத்தேனையும் பெருக்கிவிடும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம், மீத்தேன் 5 சதவீதம் தாண்டினாலே தீப்பொறிக்குக் காத்திருக்கும் கலவை. 1979-இல் பிரான்சிலிருந்து வந்த ஒரு மருத்துவ அறிக்கையில், மேனிட்டால் கொடுத்துத் தயார் செய்த நோயாளிக்கு குடல் சுவரில் முளைக்கும் சிறு வளர்ச்சியான பாலிப்பை மின்சூட்டில் வெட்டும்போது குடலுக்குள் வெடிப்பு நடந்து, அவர் இறந்துபோனார். அதனால்தான் மேனிட்டாலை இந்த வேலைக்கு ஒதுக்கிவைத்தார்கள். மூச்சுப் பரிசோதனை செய்கிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. "குடல் சுத்தம் செய்தவர்" என்று படிவத்தில் ஒரே சொல்லில் எழுதினால் போதாது. எந்த மருந்து என்பதைப் பொறுத்து ஆவி கூடவும் செய்யும், குறையவும் செய்யும்.

மூன்று நேரங்கள்

மாதிரி எடுக்க மூன்று நேரங்கள் உண்டு: பேதி மருந்துக்கு முன்பே, கொலோனோஸ்கோபி அன்று காலை, பரிசோதனை முடிந்து சில வாரம் கழித்து. மூன்றாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு அதிக நேரம் தேவையில்லை. நான்கு வாரம் காத்திருந்தால் நுண்ணுயிர்கள் திரும்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் பாலிப்பை வெட்டியிருப்பார்கள். புற்றுநோய் என்றால் அறுவை சிகிச்சையே முடிந்திருக்கலாம். குடல் அழற்சி நோய் என்றால் மாத்திரை தொடங்கியிருப்பார்கள். நோயின் வாசனையைத் தேடிப் போகும்போது அங்கே நோய் இருக்காது. சிகிச்சைக்குப் பிறகு கலவை எப்படி மாறுகிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கும், கொலோனோஸ்கோபியில் எதுவும் எடுக்கப்படாதவர்களுக்கும் மட்டுமே அது பொருந்தும்.

உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் நடுவில்தான்.

கொலோனோஸ்கோபி அன்றே எடுப்பதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நோயாளி ஏற்கெனவே வந்திருக்கிறார். வெளியூர்க்காரருக்கு இன்னொரு பஸ் செலவு, இன்னொரு நாள் கூலி இழப்பு இல்லை. ஒப்புதல் கையெழுத்தும் மாதிரியும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் கேமராவே உள்ளே போய்ப் பார்த்து, நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும். மாதிரியும் விடையும் ஒரே நாளில் கிடைக்கும். எல்லோரும் பட்டினி, எல்லோரும் ஒரே மருந்து, யாரும் காலையில் வெங்காய ஊத்தப்பம் சாப்பிட்டுவிட்டு வரவில்லை. பூண்டு சாப்பிட்டவர் மூச்சில் அதன் கந்தகச் சேர்மம் பல மணி நேரம் தங்கும் என்பதை நினைத்தால் இது சின்ன வசதி இல்லை. எல்லாக் குடல்களையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்துவதுபோல இருக்கும்.

இதற்கு ஆதரவாக ஒரு பழைய ஆய்வையும் சொல்ல வேண்டும். 2011-இல் ஜப்பானில் சோனோடா குழு ஒரு கறுப்பு லாப்ரடார் பெண் நாயைப் பழக்கியது. ஐந்து மாதிரிகள் வைப்பார்கள். ஒன்று பெருங்குடல் புற்றுநோயாளியுடையது, நான்கு மற்றவர்களுடையவை. மூச்சுப் பைகளில் 36 தடவைக்கு 33 தடவையும், மலத்தில் 38 தடவைக்கு 37 தடவையும் அது சரியான மாதிரிக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. அந்த மலம் கொலோனோஸ்கோபியின்போது குழாய் வழியாக உறிஞ்சி எடுத்த தண்ணீர் மலம். அதாவது பேதி மருந்து கழுவிய பிறகும் குடலில் மிச்சமிருந்த தண்ணீர். அதிலும் அந்த நாயால் நோயை மோப்பம் பிடிக்க முடிந்தது. எனவே கழுவிவிட்டால் எல்லாமே போய்விடுகிறது என்று யாராவது சொன்னால் அது மிகை. கட்டியின் சொந்த வாடை ஏதோ மிஞ்சுகிறது என்று நினைக்க இடமிருக்கிறது.

அப்படியானால் அன்றே எடுத்துக்கொள்ளலாமே? நான் வேண்டாம் என்கிறேன்.

முதல் காரணம் எங்கள் கையிலேயே நடந்த தவறு. தொடக்கத்தில் நோயாளிகளின் மூச்சை எண்டோஸ்கோபி வாசலில் எடுத்தோம். ஒப்பிட நோயில்லாதவர்கள் வேண்டும் அல்லவா, துணைக்கு வந்தவர்களிடமும் பிரிவில் வேலை செய்கிறவர்களிடமும் கேட்டு ஊத வைத்தோம். கருவி இரு தரப்பையும் அழகாகப் பிரித்தது. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். எங்கள் மூத்த மருத்துவர் வரைபடத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்தப் பக்கம் இருக்கிறவங்கள்ல யார் பேதி மருந்து குடிச்சாங்க?" ஒருவரும் இல்லை. நாங்கள் பிரித்தது புற்றுநோயையும் ஆரோக்கியத்தையும் இல்லை, பேதி மருந்து குடித்தவரையும் காபி குடித்தவரையும்தான். அத்தனை வார உழைப்பையும் ஓரமாக வைத்தோம். அந்த அம்மா பாதி மூச்சில் நிறுத்திக் கேட்டது அன்றைக்குத்தான் திரும்ப நினைவுக்கு வந்தது.

சரி, இரு தரப்பும் மருந்து குடித்தவர்களாகவே இருந்தால்? தவறு குறையும், தீராது. எல்லோருக்கும் ஒரே மருந்து என்று காகிதத்தில் எழுதலாம், குடலில் அப்படி நடப்பதில்லை. கட்டி குடலை அடைத்திருப்பவருக்கு மருந்து முழுக்க இறங்காது. வயதானவர் இரண்டாவது லிட்டரில் பாதியைக் கீழே ஊற்றியிருப்பார், கேட்டால் குடித்துவிட்டேன் என்பார். வார்டில் இருப்பவருக்கு எனிமாவும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். ஐரோப்பிய வழிகாட்டுதல் 2019-இல் சொன்னபடி, கடைசித் தவணையைப் பரிசோதனைக்கு ஐந்து மணி நேரத்துக்குள் தொடங்கி, குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன் முடிக்க வேண்டும். காலை எட்டு மணிப் பட்டியலில் முதலாவதாகப் போகிறவருக்கும், மதியம் மூன்று மணிக்குக் கடைசியாகப் போகிறவருக்கும் இந்தக் கணக்கு ஒன்றாக இருக்காது. நோய் அதிகமாக இருப்பவர்தான் சுத்தம் குறைவாக இருப்பவராகவும் இருக்க வாய்ப்பு அதிகம். அந்த இரண்டையும் கருவி பிரிக்காது. அதோடு எண்டோஸ்கோபி அறைக் காற்றில் கை கழுவும் ஸ்பிரிட் வாடை எப்போதும் மிதந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். இந்தப் பரிசோதனையை நாம் எதற்காக உருவாக்குகிறோம்? யாருக்குக் கொலோனோஸ்கோபி தேவை, யாருக்கு வேண்டாம் என்று பிரிக்க. வயிறு உப்புகிறது, மலம் சரியில்லை என்று வருகிற நூறு பேரில் யார் அந்த இரண்டு லிட்டர் குடித்து, விடிய விடியக் கழிவறையில் உட்கார வேண்டும் என்று சொல்ல. நாளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊதப்போகிறவர் இட்லி சாப்பிட்டவர், மருந்து குடிக்காதவர். கழுவிய குடல்களின் மூச்சில் மட்டுமே பழகிய கருவியை அவர் முன்னால் வைத்தால், அது இதுவரை பார்த்தே இராத வாடையைப் பார்க்கும். அதன் பதிலை நம்ப எனக்குத் துணிவில்லை.

முன்பே எடுப்பதற்கும் விலை உண்டு. இன்னொரு வருகை வேண்டும். மூச்சு கொடுத்துவிட்டுக் கொலோனோஸ்கோபிக்கே வராமல் போகிறவர்கள் உண்டு. அவர்கள் மாதிரி விடையில்லாமல் உறைபெட்டியில் கிடக்கும். உணவின் இரைச்சல் இருக்கும். எங்களுக்கு இதில் கைகொடுத்தது ஒரு சின்ன வழி. கொலோனோஸ்கோபிக்கு முன் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க எப்படியும் ஒரு நாள் காலையில் வரச் சொல்கிறார்கள். சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றில் வர வேண்டும் என்பது நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாத விஷயம். அந்தக் காலையிலேயே மூச்சையும் எடுத்துவிடுகிறோம். பட்டினி எல்லோருக்கும் ஒரே அளவு, பேதி மருந்து இல்லை, தனிப் பயணமும் இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கொலோனோஸ்கோபிக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் கீரை, பழம், நார்ச்சத்து வேண்டாம் என்று உணவைக் குறைக்கச் சொல்வார்கள். அந்தக் கட்டுப்பாடு தொடங்குவதற்கு முன் அந்தக் காலை அமைந்தால்தான் நல்லது.

மூச்சா, சிறுநீரா, மலமா

எந்த மாதிரி என்பதைப் பொறுத்தும் முடிவு மாறும். மலத்துக்கு நேரத்தில் சலுகையே கிடையாது. பேதி மருந்துக்குப் பிறகு வருவது மஞ்சள் தண்ணீர், அதில் பாதி குடித்த மருந்து. மலம் தேவையென்றால் டப்பாவை முன்பே கொடுத்து, வீட்டில் எடுத்து, உறைபெட்டியில் வைக்கச் சொல்ல வேண்டும். சாப்பாடு வைக்கும் ஃபிரிட்ஜில் மலமா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள், அது நியாயமும்தான். அதனால் எடுத்த அன்றே கொண்டுவந்து கொடுத்துவிடச் சொல்வது நடைமுறைக்கு ஏற்றது. எஃப்ஐடி பரிசோதனைக்கும் மலத்தை வீட்டில், பேதி மருந்துக்கு முன்புதான் எடுக்கிறோம். இரண்டையும் ஒரே நாளில் எடுக்கச் சொன்னால் ஒரு வேலை மிச்சம்.

சிறுநீர் எளிது, வெட்கமும் குறைவு. ஆனால் இரண்டு லிட்டர் மருந்தும் அதற்கு மேல் இளநீரும் குடித்தவரின் சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கும் அல்லது, பேதியில் தண்ணீர் இழந்து, எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. சிறுநீரில் கழிவாக வரும் கிரியேட்டினின் அளவைப் பார்த்து ஓரளவு சரிக்கட்டலாம். குடலிலிருந்து கிளம்பிய சேர்மம் சிறுநீர்ப்பையில் சேர நேரம் எடுப்பதால், மருந்தின் பாதிப்பு சிறுநீரில் மலத்தைப் போல உடனே தெரியாது. பேதி மருந்து குடிப்பதற்கு முன்பே காலைச் சிறுநீரை எடுத்து வைத்துக்கொண்டால் மூன்றிலும் வசதியானது இதுதான். உறையவைத்து, உருக்கி, மறுபடி உறையவைக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் ஆவி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும்.

மூச்சு உடனுக்குடன் மாறுவது. அதன் பலமும் பலவீனமும் அதுவே. பையில் பிடித்தால் சில மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். மூச்சைப் பிடிக்கும் டெட்லார் பிளாஸ்டிக் பையே பீனால் போன்ற சொந்த வாடையைக் கலக்கும். ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உறிஞ்சு குழாயில் ஏற்றி வைத்தால் நாட்கணக்கில் தாங்கும். எந்த இடத்தில் எடுத்தாலும் அந்த அறைக் காற்றையும் ஒரு குழாயில் தனியே எடுத்து வைப்பது நல்லது.

ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு

மேலே சொன்னது எல்லாம் ஆய்வுக்காரர்கள் கவலை. நோயாளிக்கு இன்றைக்கே தேவைப்படும் முடிவு ஒன்று இருக்கிறது. பால் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கவும், சிறுகுடலில் நுண்ணுயிர்கள் பெருகியிருக்கின்றனவா என்று பார்க்கவும் எழுதிக் கொடுப்பது ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை. மனித உடலின் எந்தத் திசுவும் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்காது. மூச்சில் அது இருந்தால் நுண்ணுயிர்கள்தான் காரணம். லாக்டோஸ் என்றால் வழக்கமாக 25 கிராம், குளுக்கோஸ் என்றால் 75 கிராம் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் ஊத வேண்டும். 2017-இல் வட அமெரிக்க வல்லுநர்கள் கூடி வகுத்த அளவுப்படி, 90 நிமிடத்துக்குள் ஹைட்ரஜன் தொடக்க அளவைவிட 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) அல்லது அதற்கு மேல் ஏறினால் சிறுகுடலில் நுண்ணுயிர்ப் பெருக்கம் என்று கொள்ளலாம். மீத்தேன் எந்த நேரத்திலும் 10 பிபிஎம் இருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதே குழு ஆன்டிபயாடிக் எடுத்து நான்கு வாரம் ஆகாமல் இந்தப் பரிசோதனை வேண்டாம் என்றும், மலமிளக்கி மருந்துகளைக் குறைந்தது ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும் என்றும் சொன்னது.

ஒரு வாரம் என்பது அன்றாட மலமிளக்கிக்குச் சொன்னது. குடல் முழுவதையும் கழுவும் இரண்டு லிட்டருக்கு அதுவே போதும் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஹைட்ரஜன் உண்டாக்கும் நுண்ணுயிர்களே போய்விட்ட குடலில் லாக்டோஸ் செரிக்காமல் போனாலும் மூச்சில் ஏற்றம் தெரியாது. பால் குடித்தால் வயிறு உப்பும் ஒருவருக்கு "உங்களுக்குப் பால் பிரச்சினை இல்லை" என்று தவறான சீட்டு கிடைக்கும். அதனால் இரண்டும் எழுதியிருந்தால் மூச்சுப் பரிசோதனையை முதலில் முடித்துவிட்டு, அடுத்த நாள் வேண்டுமானாலும் கொலோனோஸ்கோபிக்குப் போகலாம். வரிசை மாறிவிட்டதா, நான்கு வாரம் விடுங்கள். ரத்தம் போகிறது, எடை குறைகிறது என்று கொலோனோஸ்கோபி அவசரம் என்றால் மட்டும் அது முதலில் போகட்டும், மூச்சு காத்திருக்கட்டும். மருத்துவர் சொல்லும் அவசரத்துக்கு முன்னால் இந்த வரிசை எதுவும் பெரிதில்லை.

முந்தின நாள் சாப்பாட்டில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. 1987-இல் அமெரிக்காவில் மைக்கேல் லெவிட் குழு கோதுமை, ஓட்ஸ், மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, பீன்ஸ், அரிசி என்று ஒவ்வொன்றாகச் சாப்பிடக் கொடுத்து மூச்சில் ஹைட்ரஜனை அளந்தது. அரிசி மட்டும் கிட்டத்தட்ட முழுமையாக உறிஞ்சப்பட்டது, மற்றவை மிச்சம் விட்டு நொதித்தன. எனவே முந்தின நாள் சூடாக வடித்த வெள்ளைச் சோறு, உப்பு, கொஞ்சம் கோழி அல்லது மீன் அல்லது முட்டை போதும். சாம்பார், பருப்பு, வெங்காயம், பால், தயிர், பழம் வேண்டாம். இட்லி தோசையில் உளுந்து இருக்கிறது, அதுவும் அன்றைக்கு வேண்டாம். பழைய சோறும் கூடாது. சோறு ஆறிக் கிடந்தால் அதில் ஒரு பங்கு மாவுச்சத்து செரிக்க முடியாததாக மாறி, நேராகப் பெருங்குடலுக்குப் போய் நொதிக்கும். மறுநாள் காலை பல் விளக்கி வாய் கொப்பளித்து வெறும் வயிற்றில் வர வேண்டும், பீடி சிகரெட் கூடாது, அவசர அவசரமாகப் படியேறி மூச்சு வாங்க வரக் கூடாது.

எப்படியும் சில மாதிரிகள் பேதி மருந்துக்குப் பிறகுதான் கிடைக்கும். அவசரத்தில் சேர்க்கப்பட்டவர், வெளியூரிலிருந்து நேராக அன்றைக்கே வந்தவர், இவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வராது. அவர்களுடைய மூச்சையும் எடுக்கிறோம், ஆனால் முன்பு எடுத்தவற்றோடு சேர்க்காமல் தனியாக வைக்கிறோம். குழாயின் லேபிளில் பெயருக்குப் பதில் எண், அதற்குக் கீழே நான்கு வரி: எந்த மருந்து, எந்த வாசனை, கடைசி வாய் குடித்தது எத்தனை மணிக்கு, கடைசியாக வந்தது என்ன நிறம். நான்காவது வரியைக் கேட்கும்போது பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். கழிவறைக் கதவை ஒட்டிய நாற்காலியில் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.